பெரியப்பா சேர்த்த புதுக்காசுகள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் பெயர் பொறித்த பத்து ரூபாய்க் காசு ஒன்றை, ஓடுகிற பஸ்ஸின் படியில் நின்றபடி பெரியப்பா வெயிலில் பிடித்துப் பார்த்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவர் நடத்துநர். யாரோ ஒரு பயணி கொடுத்த அந்தக் காசை அவர் தோல்பைக்குள் போடவில்லை. அதற்கு ஈடாகத் தன்னுடைய காசைப் பைக்குள் போட்டுவிட்டு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மிச்சக் காசுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்ற கிழவர் ஒருவர் வாயில் வந்தபடி ஏசினார். பெரியப்பா சிரித்தார். போர் முடிந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

உண்மையில் காசு சேர்க்கும் பைத்தியம் அவருக்கு இருந்ததில்லை. அது அவருடைய ஒரே மகனின் பைத்தியம். எனக்கு அவன் அண்ணா. கலியாணப் படங்கள் வைக்கிற அல்பம் ஒன்றில் காசுகளை அடுக்கி வைத்திருந்தான். தொட விடமாட்டான். கடைசி இடப்பெயர்வில் சட்டி பானை, தையல் மெசின் எல்லாவற்றையும் வழிவழியே போட்டுவிட்டு வந்தபோதும் அந்த அல்பத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்தான். எல்லாம் முடிந்தபின், பெயர் பதிய வேண்டும் என்று இளம் பெடியளை ஆமிக்காரர் வரச் சொன்னார்கள். அவர்கள் கொண்டுவந்த பஸ்ஸில் ஏறமுன் அண்ணா அல்பத்தைத் தகப்பனிடம் கொடுத்து, “புதுசா ஏதும் காசு வந்தா எடுத்து வையுங்கோ அப்பா” என்றானாம். பக்கத்தில் குழறி அழுதுகொண்டு நின்ற பெரியம்மாவைத் தேற்றத்தான் அப்படிப் பகிடியாகச் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். அந்த பஸ் எங்கே போனதென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரியப்பா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாகப் பத்து ரூபாய்க் காசுகள் வந்தபோது, தன் பைக்குள் விழுகிற ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து அத்தனை மாவட்டத்தையும் சேர்த்து முடித்தார். காசுகளின் உலோகம் மாறியபோது அவற்றையும் சேர்த்தார். யாராவது கேட்டால், “அவன் வந்து பாப்பான்” என்பார்.

பிறகு காசுகள் அடிக்கடி வரத் தொடங்கின. ஒரு நிறுவனத்துக்கு ஆண்டு நிறைந்தால் ஒரு காசு, ஒரு விழா வந்தால் இன்னொரு காசு. அவற்றில் பல பஸ்ஸுக்கு வருவதேயில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, காசில் எழுதியிருக்கிற பெறுமதியைவிடக் கூடிய விலைக்குக் கொழும்பில் விற்பார்கள். நான் அங்கே வேலை செய்தபடியால் வாங்கி அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரிசையில் நின்று வாங்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எதையெல்லாமோ நினைவு வைத்துக் காசு அடிக்கிற நாட்டில், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகளை ஒருவருக்கும் நினைவில்லையே என்று. அல்பத்தில் இடம் போதாமல் பெரியப்பா இரண்டாவது அல்பம் வாங்கினார். அண்ணா சேர்த்ததைவிட அவனுக்காகச் சேர்த்தது கூடிவிட்டது.

இதற்கிடையில் பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். தான் கண்ணை மூடமுன் மகனுக்கு அந்தியேட்டி செய்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. இறந்தவரின் ஆவி அலையாமல் கரைசேர்வதற்குச் செய்கிற அந்தக் கிரியையைச் செய்தால் மகன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியப்பா குதித்தார். “உயிரோட இருக்கிறவனுக்கோ அந்தியேட்டி? என்ர கையால அவனைக் கொல்லச் சொல்லுறியோ?” பெரியம்மா சத்தம் போடவில்லை. “அவன் எங்கயும் பசியோட நிண்டா ஆர் குடுக்கிறது? நானும் போயிட்டா ஆர் கேக்கிறது?” என்றார். இருவரில் யார் பக்கம் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

போன மாதம் புதுக்காசு ஒன்றோடு வீட்டுக்குப் போனேன். பெரியப்பா பெட்டியை வாங்கினார், அல்பத்தை எடுக்கவில்லை. உள்ளே படுத்திருந்த பெரியம்மாவைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “வான் ஒண்டு பிடி பிள்ளை. கீரிமலைக்குப் போட்டு வருவம்” என்றார். எங்கள் பக்கத்தில் அந்தியேட்டி செய்யப் போகிற கடற்கரை அது. பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். கேட்டது கிடைத்த பிறகுதான் அவர் அப்படி அழுதார்.

கீரிமலையில் கிரியை செய்கிற ஐயா முதலில் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். பெரியப்பா சொன்னார். பிறகு, பிள்ளை எந்த நாளில் காலமானவர் என்று கேட்டார். கடல் இரைந்துகொண்டிருந்தது. பெரியம்மா பெரியப்பாவின் கையைப் பிடித்திருந்தார். “தெரியாது ஐயா. நீங்களே பார்த்து ஒரு நாளைச் சொல்லுங்கோ” என்றார் பெரியப்பா. ஐயா பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரு திதியைச் சொன்னார். அதையே வைத்துக்கொண்டோம். முடிவில் தட்சணைக்கு வெற்றிலையை நீட்டியபோது, பெரியப்பா ரூபாய்த் தாள்களுக்கு மேல் அந்தப் புதுக்காசைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார்.

ஐயா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது புதுசா வந்த காசோ?”

“ஓம் ஐயா,” என்றார் பெரியப்பா. “அவன் இதைக் காணேல்லை.”