தேசி மரத்தடி ஈரம்

போன பொங்கல் கழிந்த கையோடு, வன்னியில் தர்மபுரத்தில் எங்கள் பின்வளவுக்குள் ஒரு பிரேதம் புதைந்து கிடக்கிறது என்று முழுதாக நம்பிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. வண்ணத்துப்பூச்சிகளை வைத்து நானே கண்டுபிடித்தது.

எலுமிச்சை மணக்கும் தேசி மரத்தடியில் ஒரு கதிரை வைக்கும் அளவு மண். வெயில் ஏறியதும், கறுப்புச் செட்டையில் வெள்ளைப் பொட்டும் பின்னால் குட்டி வாலும் உள்ள வண்ணத்துப்பூச்சிகள் அந்த இடத்தில் வந்து இறங்கும். பக்கத்தில் பூத்துக் கிடக்கும் செவ்வரத்தையைத் திரும்பியும் பாராமல், மண்ணில் வாயை வைத்தபடி செட்டை நடுங்க நிற்கும். துளிச் சத்தம் இருக்காது. போரில் இடம்பெயர்ந்து நடந்த நாட்களில் செத்த மாடொன்றின் மேல் இதேபோல மொய்த்திருந்ததைக் கண்டவன் நான்.

என் மனைவியின் தம்பி அந்த நாட்களில்தான் காணாமற்போனான். எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கைப் பக்கம் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னதோடு சரி. அதனால் அவளிடம் மூச்சு விடவில்லை.

அவளோ போனில் படமெடுத்து இனம் பிரிப்பதில் மும்முரமாக இருந்தாள். "இது வால் வைச்சது. மஞ்சள் புள்ளி போட்டதுக்கு வாலில்லை, எண்டாலும் அதுவும் இந்தக் குடும்பம்தான்" என்பாள். "குடும்பம்" என்ற சொல்லைக் கேட்டதும் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவேன்.

அந்த மண்ணை ஓலையால் மூடினேன். மறுநாள் ஓலையின் ஓரத்தில் வரிசையாக வந்து நின்றன. இனி வேறு வழியில்லை என்று கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டேன். திரும்பினால் அவள் நிற்கிறாள்.

"ஆருக்கு இந்தப் பூசை?"

சொல்லிவிட்டேன். அவள் உடனே போனை எடுத்தாள். பூச்சிப் படம் போடும் குழுவில் விசாரித்தாள். பதில் வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மண்ணில உப்பிருந்தா ஆண் பூச்சியள் வந்து உறிஞ்சுமாம். மூத்திரம் பெய்யிற இடமெண்டா விடாதாம். இஞ்சேருங்கோ, படுக்கமுன்னம் நீங்கள் எங்க போறனீங்கள்?"

"தேசி நல்லாக் காய்க்கட்டுமெண்டு பசளை போட்டனான்" என்றேன்.

தன் சொந்தச் சலத்துக்கே கற்பூரம் காட்டிய பக்தன் வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"எண்டாலும் ஒருக்காத் தோண்டிப் பாருங்கோவன்."

மண்வெட்டியை எடுத்து இடுப்பளவுக்கு வெட்டினேன். நான் வெட்டிப்போட்ட கட்டிகளை அவள் கையால் உடைத்து உடைத்துப் பார்த்தாள். வேரும் கல்லும்தான் இருந்தன. அதற்கு நிம்மதிப்படுவதா வேண்டாமா என்று எனக்கு இன்றும் தெரியாது. பொழுதுபடும்வரை அந்தக் குழியை மூட அவள் விடவில்லை.