புரட்டாசியில் ஏறிய ஆறு ராத்தல்

அப்பா ஆறு ராத்தல் ஏறியிருந்தார். இன்று காலை செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டித் தராசு அப்படித்தான் சொன்னது.

அவருக்கு வயிற்றில் புற்று. உடம்பு தேறாமல் ஆபரேஷன் செய்தால் தையல் கூடி ஆறாது, நான்கு ராத்தலாவது ஏற்றிக் கூட்டிவா என்று டாக்டர் இரண்டு வாரம் கெடு வைத்திருந்தார். பாலோடு தினமும் மூன்று முட்டை தின்னச் சொல்லிவிட்டு நான் மேட்டூருக்கு வேலைக்குப் போய்விட்டு நேற்றிரவுதான் திரும்பினேன்.

தராசு சொன்னாலும் ஒட்டிய கன்னம் அப்படியே இருந்தது. சந்தேகப்பட்டு இடுப்பைத் தடவினேன். வேட்டி மடிப்பில் என் கருவிப் பெட்டியின் இரும்பு நட்டுகள்.

"ஏனுங்கப்பா, தையல் கூட வேண்டியது உங்க வயித்துலயா, நட்டுலயா?"

"எடை பத்தலீன்னா திருப்பி அனுப்பிப்போடுவாருன்னு பயந்துட்டேன் சாமி."

"முட்டையெல்லாம் எங்கீங்க?"

"புரட்டாசில எப்படி வாயில வெக்கறது? அடைக்கு வெச்சுப்போட்டேன். குஞ்சு பொரிச்சு வளந்தா சாறு வெச்சுக் குடிச்சுக்கலாம்."

நட்டுகளை இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தேன். போன தடவையைவிட ஒரு ராத்தல் குறைவு.

மண்டிக்காரர் சிரிக்கவில்லை. "வெல்லத்துல கல்லு வெச்சு எடை ஏத்தறவங்களைப் பாத்திருக்கறனுங்க. உசுருக்காக ஏத்தறவரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். இன்னும் பத்து நாள் தந்தார். அதற்கு மேல் கட்டி காத்திருக்காதாம்.

முட்டையில்லாமல் உடம்பு ஏற்ற வழி தெரிந்த நண்பர்கள் இன்றே எனக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள். கருவிப் பெட்டியை நான் பூட்டிவிட்டேன்.