ஷோபனா கொடுத்த மாத்திரை

குத்தாலம் கடைத்தெருவில் ஜாஃபர் சாதிக் நடத்தும் மருந்துக்கடையில் ஷோபனா வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனது. ஆனாலும் எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுவாள். அலமாரியைத் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி வேண்டிய டப்பாவை எடுப்பாள்.

மூட்டுவலிக்காரர்கள் அவளிடம்தான் கேட்பார்கள். நடவு தொடங்கிவிட்டால் கடை வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் கூடிவிடுவார்கள். எரிந்தால்தான் மருந்து என்று நம்புகிறவர்களுக்குச் சூடு ஏற்றும் ஆயின்மென்ட், வாசனை பிடிக்காத வாத்தியார் வீட்டம்மாவுக்கு வெள்ளை ஜெல், சிங்கப்பூரிலிருந்து மகன் கொண்டுவந்த தைலம் தீர்ந்துபோனவர்களுக்கு அதே நெடியுள்ள உள்ளூர்த் தைலம். யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தன் கையைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதமாக விடியற்காலையில் விரல்கள் மடங்குவதில்லை. குழாயைத் திருகவே ஒரு மணி நேரம் ஆகும். கடையில் இருந்த ஒவ்வொரு டியூபையும் பூசிப் பார்த்துவிட்டாள். மிளகாய்ச் சத்து சேர்ந்த கிரீமைப் பூசிய கையோடு கண்ணைக் கசக்கி, ஒரு மத்தியானம் முழுக்க அழுதபடி வியாபாரம் செய்தாள். கடைசியில் வலி மாத்திரையில் வந்து நின்றாள். காலை இட்லிக்குப் பிறகு ஒன்று. அதைப் போட்டால்தான் கை கையாக இருந்தது. டாக்டரிடம் போக அவளுக்குப் பயம். அவளுடைய அம்மாவின் விரல்கள் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்துபோனவை. கடைசி ஆறு வருஷம் சோற்றைப் பிசைந்து ஊட்டியது ஷோபனாதான். அந்த நோயின் பெயரைத் தன் கைக்கும் சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம்.

புரட்டாசிக் கடைசி. ஜாஃபர் சாதிக் சரக்கெடுக்க மயிலாடுதுறை போயிருந்தார். பதினோரு மணிக்குக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வைத்தியலிங்கம் உள்ளே வந்தார். கோமல் சாலையில் மேலக்கரைக்காரர். வயது அறுபத்தேழு. ஒன்றரை வேலி நிலம் வைத்துக்கொண்டு, மகன் சிங்கப்பூரில் இருக்க, வெள்ளாமையைத் தானே பார்த்துவந்தார்.

"ஏம்மா, உன் தைலம் மூணாவது பாட்டில் தீரப்போவுது. தேய்க்கிற வரைக்கும் சுகமா இருக்கு, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்" என்றார். "நாளைக்கு நடவு. ஆள் சொல்லியாச்சு. நாலு நாளைக்கு நான் வரப்புல நிக்கணும். ஏதாவது நல்லதாக் குடு."

"சுகர், பிரஷர் இருக்குங்களா?"

"சுகரெல்லாம் கிடையாது."

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. பின்னால் ஒருவர் இருமல் மருந்துக்கு அவசரப்படுத்தினார். அவளுடைய வலது கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. "நான் சாப்பிடுறதையே தர்றேங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வெறும் வயித்துல வேண்டாம்" என்று பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டாமல் முழுசாகவே நீட்டினாள். வைத்தியலிங்கம் படியிலேயே ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைய முக்கால் மணி நேரம் ஆனது. கவுண்டர் கண்ணாடியைத் துடைக்கப் போனபோது, அங்கே விரித்திருந்த பேப்பருக்கு அடியில், யாரோ பணம் எடுக்கும்போது விட்டுப்போன உள்ளங்கையளவு நீலப் புத்தகம் ஒன்று கிடந்தது. முதல் பக்கத்தில் வைத்தியலிங்கத்தின் பெயர். அதன் கீழே, இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை என்றிருந்தது. உள்ளே தேதியும் எண்ணுமாக வரிசை: 2.4, 2.7, 2.5. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் சாப்பிடும் மாத்திரையின் அளவைச் சரிபார்க்கிற சோதனை அது. அடுத்துப் போக வேண்டிய தேதி பதினாறு நாளுக்கு முன்பே கடந்துவிட்டிருந்தது. பின்னட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை சாப்பிடக் கூடாது.

ஷோபனா போன் எண்ணைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினாள். புத்தகத்தில் இருந்தது சிங்கப்பூர் மகனின் எண். இரண்டு தடவை அடித்தாள். எடுக்கவில்லை. ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டாள்.

"பாய், தப்புப் பண்ணிட்டேன் பாய்."

அவர் முழுதும் கேட்டார். "தைலம் ஏதாச்சும் தேய்க்கிறாரா?"

"ரெண்டு வாரத்துல மூணு பாட்டில்."

"மூணா? அந்தப் பாட்டில் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு என்னிக்காவது படிச்சியா? அந்த நெடி வருதே, அந்த எண்ணெய் தோல் வழியா உள்ள இறங்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் இன்னும் இளகிடும். அதுக்கு மேல நீ வலி மாத்திரை வேற குடுத்திருக்க. கடையைச் சாத்து. ஓடு. எங்கயாவது ரத்தம் கசியுதா, கன்னிப்போயிருக்கான்னு பாரு. எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் மயிலாடுதுறை ஜி.எச். வாசல்ல நிக்கிறேன்."

அன்றைக்குக் காலை மாத்திரை போட்டும், ஷட்டரை இழுக்க விரல் ஒத்துழைக்கவில்லை. முழங்கையால் அழுத்தி இறக்கினாள். ஸ்கூட்டியில் ஏறியதும் முன் பிரேக்கைப் பிடிக்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. காலை வேளையில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் கடைக்கு வருவாள், சாயங்காலம்தான் ஓட்டிக்கொண்டு போவாள். யோசிக்க நேரமில்லை. கிளம்பிவிட்டாள்.

வாய்க்கால் கரையில் திரும்பியபோது, நாற்றுமுடி ஏற்றிய டிராக்டர் பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. பிரேக்கை அழுத்தினாள். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்து, கரையோரப் புல்லில் வண்டியைச் சாய்த்துத்தான் நிறுத்த முடிந்தது. டிராக்டர்காரர் திட்டினார். அவள் காதில் எதுவும் விழவில்லை.

மேலக்கரையில் வைத்தியலிங்கத்தின் மனைவி ஞானாம்பாள் வாசலில் விதைநெல் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"நீ மெடிக்கல்ல இருக்கிற பொண்ணுல்ல? என்ன இவ்வளவு தூரம்?"

"ஐயா எங்கங்க?"

"வயலுக்குப் போயிட்டாரு. அப்படி என்னம்மா மாத்திரை குடுத்த? வலியே போச்சுன்னு எளவட்டமாட்டம் போறாரு."

ஷோபனா ஞானாம்பாளிடம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் சாக்கை அப்படியே போட்டார். இருவரும் வரப்பில் ஓடினார்கள்.

வைத்தியலிங்கம் மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் சேறு. "ஒண்ணுமில்ல. மடையைத் திறக்கும்போது வழுக்கிடுச்சு. கல்லுல லேசா இடிச்சுது" என்று சிரித்தார். சிரித்தபோது ஈறில் சிவப்பு தெரிந்தது.

"தலையில அடிபட்டுச்சா?" என்று ஷோபனா கத்தினாள்.

"இல்லம்மா, தொடையில."

"வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்க ஐயா."

அவர் கூச்சப்பட்டார். ஞானாம்பாள்தான் வேட்டியை விலக்கினார். தொடையின் வெளிப்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் சாப்பாட்டுத் தட்டளவு கன்றியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடை வீங்கி வருவது போல ஷோபனாவுக்குத் தோன்றியது. மேலே, இடுப்புப் பக்கமும் நீலத்திட்டுகள். அவை இன்றைக்கு வந்தவை அல்ல.

"இது எப்போருந்துங்க?"

"ஒரு வாரமா இருக்கு. மூட்டை இடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

ஆட்டோ வரப் பதினைந்து நிமிஷம் ஆனது. ஈரத்துணியைத் தொடையில் வைத்து அழுத்தி உட்கார வைத்தார்கள். வீட்டில் இருந்த தைலப் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும், நீலப் புத்தகம் இருந்த தன் பையில் ஷோபனா போட்டுக்கொண்டாள். ஆட்டோ கிளம்பியதிலிருந்து வைத்தியலிங்கம் நடவாட்களைப் பற்றியே பேசினார். பாதி வழியில் பேச்சு குறைந்தது. தலை சுற்றுகிறது என்றார்.

ஞானாம்பாள் அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்தது. "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உன்னை விடமாட்டேன். தெரியாத வைத்தியத்தை நீ எதுக்குப் பண்ற? நீ டாக்டரா?"

"இல்லங்க" என்றாள் ஷோபனா.

அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டபோது, ஷோபனா பாட்டிலையும் அட்டையையும் நீலப் புத்தகத்தையும் மேஜையில் வைத்தாள். "இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாம நான்தான் குடுத்தேன். பதினோரு மணிக்கு ஒண்ணு சாப்பிட்டாரு. தைலமும் நான்தான் வித்தேன்." ஜாஃபர் சாதிக் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

ரத்தச் சோதனை முடிவு வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஷோபனா வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டரையில் இருக்க வேண்டிய எண் ஏழைத் தாண்டியிருந்தது. ஊசி போட்டார்கள். தொடையில் கட்டிய ரத்தம் பரவுகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இரண்டுமே இல்லை. "அந்தக் கல்லுல தலை மோதியிருந்தா நாம இப்போ இப்படிப் பேசிட்டிருக்க மாட்டோம்" என்றார் டாக்டர். மாலை ஆறு மணிக்கு வைத்தியலிங்கம் காப்பி கேட்டார். அதற்குப் பிறகுதான் ஷோபனா உட்கார்ந்தாள்.

ஜாஃபர் சாதிக் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டிலின் மூடியை அவளால் திருக முடியவில்லை. பற்களால் கடித்தாள். வார்டிலிருந்து வெளியே வந்த அதே டாக்டர் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கையைக் காட்டுங்க. எத்தனை நாளா இப்படி?"

பொய் சொல்ல அன்றைக்கு அவளிடம் தெம்பில்லை. "எட்டு மாசம்."

"என்ன சாப்பிடுறீங்க?"

"அவருக்குக் குடுத்தேனே, அதே மாத்திரை."

ஜாஃபர் சாதிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளே சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். அம்மாவுக்கு இருந்த அதே முடக்குவாதம்தான் என்று முடிவு வந்தது. "மேல எதைப் பூசினாலும் இது உள்ளுக்குள்ள மூட்டைத் தின்னுட்டே இருக்கும். சீக்கிரம் பிடிச்சா நிறுத்தலாம். உங்க அம்மா காலம் இல்ல இது" என்றார் டாக்டர். வாரம் ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை எழுதினார். மாதாமாதம் ரத்தம் பார்க்கச் சொன்னார். மூன்று மாதத்தில் காலை இறுக்கம் பாதியாகக் குறைந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் முழுசாக நிமிரவில்லை. நிமிராமலேயே போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வைத்தியலிங்கம் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். நடவை ஞானாம்பாள் நின்று முடித்திருந்தார். முழங்காலுக்கு இப்போது வெந்நீர் ஒத்தடம். மடித்த துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தித் தொடைக்குச் செய்யும் பயிற்சி. வலி மிஞ்சினால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, அதுவும் அளவோடு. தைல நெடி அந்த வீட்டில் இல்லை. அவர் கடைக்கு வந்து ஷோபனாவிடம் சாதாரணமாகப் பேசுவார். ஞானாம்பாள் மட்டும் இன்றுவரை படியேறுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஷோபனாவுக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஜாஃபர் சாதிக் அவளை ஒரு மாதம் கவுண்டரில் நிற்க விடவில்லை. பின்னறையில் டப்பா அடுக்கினாள். சீட்டில்லாமல் வலி மாத்திரை கிடையாது என்று கடையில் எழுதி ஒட்டினார். "தப்பு உன்னுது மட்டுமில்ல. நான் இல்லாத நேரத்துல கடையை உன்மேல விட்டுட்டுப் போனது யாரு?" என்று ஒருநாள் அவரே சொன்னார்.

இப்போது அவள் தைலம் கேட்டு வருகிறவர்களிடமும் விசாரிக்கிறாள். இதயத்துக்கு மாத்திரை உண்டா, புண் இருக்கிறதா, பூசிவிட்டு மேலே சூடு வைக்கிற பழக்கம் உண்டா என்று. போன வாரம் ஒரு அம்மாள் எரிந்து விழுந்தார்.

"தைலம் வாங்க வந்தா ஜாதகமே கேக்குற. தர்றியா, இல்லையா?"

"சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்கம்மா."

அந்த அம்மாள் விருட்டென்று இறங்கி எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனார். ஷோபனா அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு, தெருவைக் கடந்து, அதே கேள்விகளோடு பின்னாலேயே போனாள்.