வாலில் கட்டிய மஞ்சள் நூல்

எனக்கு யார்மேலும் லேசில் நம்பிக்கை வராது. வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு கேட்கவே வேண்டாம். ஐஸில் கிடந்த மீனைச் சாப்பிட்டு வயிறு கெட்டு, ஒருமுறை மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னொரு தடவை அப்படி ஆனால் அவர் உடம்பு தாங்காது. அவருக்கோ விரால் குழம்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

அதனால்தான் உக்கடத்தில் தொட்டியில் விட்டு உயிர் மீன் விற்கும் கடைக்குப் போனேன். நீந்துகிற விராலை நாமே கைகாட்டலாம். வெட்டுவது மட்டும் தார்ப்பாய்க்குப் பின்னால். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அப்படி என்ன வேலை? ஐஸ் மீனை மாற்றி வைத்துவிட்டால்? பைக்குள் பூக்கட்டுகிற மஞ்சள் நூல் கிடந்தது. நான் காட்டிய மீனைப் பிடிக்கச் சொல்லி அதன் வாலில் இறுக்கிக் கட்டினேன்.

“நூலோட வாலைக் குடுத்துருங்க.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “ஏனுங்க்கா, மீனுக்குத் தாலி கட்டிப்போட்டீங்களே!”

சிரிக்கட்டும். நூலோடு வால் வந்தது. அன்றைக்கு வீட்டுக்காரர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு போனால் ஆளாளுக்கு “எனக்கும் நூல் கட்டுங்க” என்கிறார்கள். கடைக்காரரே நூல்கண்டு வாங்கி வைத்திருந்தார். நானும் அவர் கட்டிய மீனையே வாங்கி வந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு கூட்டம் ரோடு வரைக்கும். அவிநாசியிலிருந்தெல்லாம் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். என் மீன் உள்ளே போனதும் மனசு கேட்கவில்லை, தார்ப்பாயை விலக்கினேன். தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் செத்த விரால்கள். ஒவ்வொன்றின் வாலிலும் மஞ்சள் நூல், முன்கூட்டியே கட்டித் தயாராக.

“இதென்னங்க அநியாயம்! எல்லாரும் வந்து பாருங்க!” என்று கத்தினேன். கடைக்காரர் அடுத்த மீனுக்கு நூல் கட்டப் போய்விட்டார். பின்னால் நின்ற அம்மாதான் சலித்துக்கொண்டார்.

“அதான் நூலு கட்டித் தாராங்கல்லங்க, அப்பறம் என்ன? நவுருங்க, நேரமாகுது.”

எட்டிப் பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

“மீன் இல்லையா?” என்றார் அவர்.

“இன்னைக்கு நல்லதா இல்லீங்க.”

“அப்ப வேண்டாம். போன வாரம் மாதிரி பாத்து வாங்கியா. நீ வாங்குனா நம்பித் திங்கலாம்.”

போன வாரம் அவர் சாப்பிட்டது எந்த மீன் என்று எனக்கே தெரியாது. தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.