பேட்டரிக்கு ஒரு நாள் ஓய்வு

குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதற்கு என் கணவர், "அப்போ வேலையை வுட்டுடு" என்றார். டாக்டர் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடுப்புத் தட்டு விலகியிருக்கிறது, நிற்கலாம், நடக்கலாம், குனிந்து பெருக்குவதும் துடைப்பதும் குடம் தூக்குவதும்தான் கூடாது என்றார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரகடம் பக்கத்து வாடகை வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் அது இப்படி மாறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமியாரும் அதையே சொன்னார். துடைப்பத்தை விடச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அந்த வேலையை விடுவதாக இல்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஆறு பெண்கள் ஒரு அறையில் நெருக்கியடித்துப் படுத்து, ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் பார்த்துப் பிடித்த இடம் அது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனின் கடைசியில் நின்று சரிபார்க்கும் வேலை. கோளாறு வரிசையாக வந்தால் லைனை நிறுத்தும் பொத்தானை அழுத்த எனக்கு அதிகாரம் உண்டு. நான் அழுத்தினால் அத்தனை பேர் கையும் நிற்கும், சூப்பர்வைசர் ஓடிவந்து "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்பார். வீட்டில் நான் நிறுத்தச் சொன்னால் மிக்சிகூட நிற்காது.

ஆனால் பெருக்காமல் இருக்கவும் முடியாது. எங்கள் வீடு ரோட்டுமேல் இருந்தது. ஒரு பக்கம் கண்டெய்னர் லாரி, இன்னொரு பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும் கம்பெனிகளுக்கு ஜல்லியும் மண்ணும் ஏற்றிப் போகும் டிப்பர். காலையில் பெருக்கினால் மாலையில் தரையில் கால் வைத்த தடம் தெரியும். மாமியாருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். கணவருக்கோ துடைப்பம் என்ற பொருள் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஆகவே வேலையை விட வேண்டும், அல்லது யாராவது பெருக்க வேண்டும். அந்த யாராவது வந்து சேர்ந்தது கொரியாவிலிருந்து.

கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். அங்கே இருந்த கொரிய இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். இவருக்குக் கிடைத்தது தானே ஓடிப் பெருக்கும் ரோபோ. வட்டமாக, கறுப்பாக, தோசைக்கல்லை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பட்டனைத் தட்டினால் சுவர்வரை போய் முட்டும், திரும்பும், கட்டிலுக்கு அடியில் நுழையும், பேட்டரி குறைந்தால் சார்ஜ் ஏறும் தட்டைத் தேடித் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் கொரிய மொழியில் கனிவாக ஏதோ சொல்வாள்.

மாமியார் அதைப் பார்த்ததும், "ஆமை பூந்த வூடு உருப்படாதும்பாங்க. நீ கைல தூக்கினே வந்து வுடுற" என்று மகனைத் திட்டினார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் ஆமை. எனக்கு அந்த ஆமை குலதெய்வம் மாதிரி. நான் ஷிஃப்ட் முடிந்து வந்து பையை வைத்துவிட்டு அதைத் தட்டிவிடுவேன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அது வேலை செய்வதைப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் இன்னொருவர் பெருக்க நான் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்கமாகக்கூட இருந்தது. இடுப்பு வலி குறைந்தது. வேலையை விடு என்ற பேச்சும் நின்றது.

பிறகு தொடங்கியது இந்த சுவிட்சுச் சண்டை. அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை திரும்பி வந்த கரண்ட் எங்கள் டிவியைச் சுட்டுவிட்டுப் போனது. அதிலிருந்து கரண்ட் போனதும் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்க ஒரு சுற்று வந்து எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவார். கரண்ட் வந்ததும் ஃபேனை மட்டும் போடுவார். ஆமையின் சார்ஜர் சுவிட்சு அப்படியே அணைந்து கிடக்கும். அது பாவம், வேலை முடித்துத் தட்டில் போய் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்குச் சார்ஜ் ஏறுகிற மாதிரிதான் தெரியும். உண்மையில் உள்ளே இருந்ததும் வற்றிக்கொண்டிருக்கும்.

"அத்தை, அந்த சுவிட்சை மட்டும் அமத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லுதேன்!"

"அது சும்மா குந்தினு கரண்ட்டு குடிச்சினு கீது. பாத்துனு இருக்க சொல்றியா?"

"அது குடிச்சாத்தான் ஓடும்."

"ஓடாத நேரத்துல இன்னாத்துக்குக் குடிக்கணும்?"

சுவிட்சு மேல் ஒட்டு டேப் ஒட்டினேன். மறுநாள் டேப் உரிந்து கிடந்தது. சரி, படிக்காதவர் என்று மாமியாரை விட்டாலும், மகனும் அப்படித்தான். அறையை விட்டு வெளியேறும்போது எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பது அவருடைய கம்பெனிப் பழக்கம். அங்கே சுவர்தோறும் போர்டு எழுதி வைத்திருப்பார்களாம். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது கை தானாகச் சுவருக்குப் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்காத கதையாக, ஆமை பெருக்கத் தயாராக இருந்தது, என் வீட்டு மனிதர்கள்தான் விடவில்லை. முதலில் மூன்று அறையும் ஓடியது, பிறகு இரண்டோடு நின்றது. அப்புறம் ஹாலின் நடுவிலேயே மூச்சை விட்டு நிற்கத் தொடங்கியது. நின்ற இடத்திலிருந்து அதைத் தூக்கித் தட்டில் வைக்க நான் குனிய வேண்டியிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அதற்குள் மாமியாருக்கு ஆமைமேல் பாசம் வந்திருந்தது, கொரியப் பெண் பேசினால் "இதோ வந்துட்டேன், இரு" என்று பதில் சொல்லும் அளவுக்கு. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மகனின் ஸ்பேனர் பெட்டிக்கும் பொட்டு வைத்தவர் ஆமையையும் எடுத்து ஈரத்துணியால் துடைத்தார். முகத்தில் சந்தனம், குங்குமம். பிறகு கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். அடியில் பளபளவென்று இரண்டு தகடு இருந்தது. பாதம் என்று முடிவு செய்து, பெரிய மனதோடு அதற்கும் குழைத்துப் பூசிவிட்டார். அந்த இரண்டு தகடும் தட்டில் இருக்கும் தகடுகளைத் தொட்டால்தான் சார்ஜ் ஏறும். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"இன்னிக்கு அதுக்கு லீவு. தொடப்படாது" என்றார். நல்லது, ஆயுதங்களுக்கு லீவு. கோலமாவும் பூவும் பொரியும் சிந்திக் கிடந்த தரையை யார் பெருக்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துடைப்பத்துக்கும் பொட்டு வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். அதற்கு வைக்க மறந்துவிட்டார்.

லீவு முடிந்தும் ஆமை எழவில்லை. காய்ந்த சந்தனம் தகட்டில் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. கொரியப் பெண் மட்டும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், பிறகு அவளும் ஓய்ந்தாள். கணவர் அந்த வாக்கியத்தைப் போனில் பதிந்து கம்பெனியில் இன்னொரு கொரியரிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். சார்ஜ் ஏறவில்லை, சார்ஜ் ஏறவில்லை என்றுதான் கத்தியிருக்கிறாள். அதைத்தான் நானும் வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன், தமிழில்.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். ஆமை எழுந்தது, ஆனால் பத்தடி போய் நின்றது. காலியாகவே கிடந்து பேட்டரி கெட்டுவிட்டது. புதுசு மாற்றலாமே என்றேன்.

"இங்க கிடைக்காது. கொரியாவுலேந்து வரவைக்கணும்" என்றார் ஒரே பேச்சாக. பிறகு இன்டர்நெட்டில் என்னென்னவோ படித்தார். அவ்வளவு அக்கறையாக அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. என் ஸ்கேன் ரிப்போர்ட் கவரை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஆமையை வெயில் படும் ஜன்னலிலிருந்து நகர்த்தினார், வெப்பம் ஆகாதாம். பிரஷ்ஷில் சுற்றிய என் தலைமுடியை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார், சுற்றியிருந்தால் மோட்டார் இழுக்க முடியாமல் பேட்டரி சீக்கிரம் இறங்குமாம். முழுக்க வற்ற விடக் கூடாதாம். சார்ஜர் சுவிட்சுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துத் திருகினார். நான் டேப் ஒட்டியபோது உரித்தவர்கள் அவர் திருகியதைத் தொடவில்லை. அதுவரை எல்லாம் நியாயம்தான். நான் சந்தோஷப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு அவர் சொன்னார்: "இனிமே ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான் ஓட்டணும். எங்க பிளான்ட்ல அம்மாம் பெரிய மிஷினுக்கே பராமரிப்புன்னு நிறுத்தி வைக்கிறோம். இது சின்னது."

"சரி, ஓடாத நாளைக்கு?"

"ஓடாத நாளைக்கு லேசா நீ ஒரு தள்ளு தள்ளிடு. அப்புறம் இன்னொன்னு. ஓடற நாள்லயும் பெரிய மண்ணை முன்னாடியே கூட்டிட்டு வுட்டா அதுக்குக் கஷ்டம் இருக்காது, பேட்டரி இன்னும் வரும்."

அதாவது அது பெருக்காத நாளில் நான் பெருக்க வேண்டும், அது பெருக்குகிற நாளில் அதற்கு முன்னால் நான் பெருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்தது. "அதுக்கு வலிக்கும்னு தெரியுதுல்லா, எனக்கு?" என்று கேட்டேன். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்காதே. இருக்கறத வெச்சிக் காப்பாத்தணும்" என்றார். மாமியாரும், "சின்ன உசுரு, பாவம்" என்றார். ஆமையைச் சொன்னார்.

மாதக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. பேட்டரி தேறியதோ இல்லையோ, என் வலி திரும்பி இடது காலில் இறங்கியது. லைனில் நிற்கும்போது ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொள்வேன். சூப்பர்வைசர் கவனித்துவிட்டு, "முடிலன்னா சொல்லும்மா, வேற ஆளைப் போட்டுக்கலாம்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் நான் உடனே காலைக் கம்பியிலிருந்து இறக்கி நேராக நின்றேன்.

ஆமையின் ஓய்வு நாள் ஒன்றில்தான் விழுந்தேன். மதிய ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை நீட்டினேன், இடுப்பில் ஏதோ கொக்கி மாட்டிய மாதிரி இருந்தது, நிமிர முடியவில்லை. அப்படியே தரையில் சாய்ந்தேன். மாமியார் அலறியதில் கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்தார்கள். கணவர் கம்பெனியிலிருந்து ஓடிவந்தார், முகம் வெளுத்திருந்தது. அவர் பயந்தார், அதை நான் மறைக்க மாட்டேன். டாக்டர் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். கம்பெனிக்குச் சொல்லி லீவு வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

மறுநாள் காலை கணவர் துடைப்பத்தை எடுத்தார். எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுத்தான் எடுத்தார். ஹாலைப் பாதி கூட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "இம்மாம் மண்ணு எங்கேந்து வருது?" என்றார். இத்தனை வருடமாக வருகிற மண்தான் என்றேன். அடுத்த நாளும் கூட்டினார், கட்டிலுக்கு அடியில் கூட்டவில்லை. மூன்றாம் நாள் ஆமையின் ஓய்வு நாள். படுத்திருந்த எனக்கு ஹாலில் அது ஓடும் சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும் ஓடியது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, முன்னால் யாரும் பெரிய மண்ணைக் கூட்டவில்லை. அந்த வாரத்துக்குள் பேட்டரி ஒரேயடியாகச் செத்தது.

அடுத்த நாளே அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்ப் புது பேட்டரியோடு வந்தார்.

என் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்து மாட்டினார். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழசைக் காட்டினால் அதே அளவுக்கு செல் அடுக்கிக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்களாம், ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தானாம். ஆமையைத் தட்டிவிட்டார். அது முதல் நாள் வந்த மாதிரியே சுவரைப் பார்த்து ஓடியது.

"லீவு முடிஞ்சதும் நான் வேலைக்குப் போவேன்" என்றேன்.

"போயேன். அதான் பேட்டரி வந்துடுச்சே. இனிமே தெனமும் ஓட்டலாம், ஒன்னும் ஆவாது."

"இத முன்னாலயே வாங்கியிருக்கலாம்லா?"

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி, "அப்போ அவசரம் இல்லியே" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை, சாக்கும் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அவசரம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அத்தனை மாதமும் நான் அவர் கண்ணெதிரேதான் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தேன்.