உபதேசியார் அசந்தால் போச்சு

உபதேசியார் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வேதம் தெரியுமா என்று கேட்பார்கள். சைக்கிள் மிதிக்கத் தெரியுமா என்று கேட்கமாட்டார்கள், ஆனால் வேலை முழுக்க அதுதான். எண்பதுகளின் கடைசியில், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் தொடங்கிப் பாரிவாக்கம், நூம்பல் வரை சபையார் வீடுகளுக்குப் போய் ஜெபிப்பது என் பொறுப்பு. எனக்கு ஒரே பயம்: நான் கொஞ்சம் அசந்தால் ஆண்டவர் என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்துவிடுவார். விடியுமுன் அலாரம் வைத்து எழுந்து, முழங்காலிலேயே தூங்கி விழுந்த கட்சியா நீங்களும்? அப்படியானால் நமக்குள் என்ன ஒளிவுமறைவு, கேளுங்கள்.

முட்டியில் கிழிசல்

ஜெபிக்கிறவனுக்கு முழங்கால் தேயவேண்டும் என்று யாரோ பிரசங்கத்தில் சொல்லிவைத்தார். என் பேண்ட் முட்டியில் கிழிந்தபோது எனக்கு உள்ளூரப் பெருமை. ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு டெய்லரிடம் ஒட்டுப்போடக் கொடுத்தேன். எப்படிக் கிழிந்தது என்று கேட்பார், ஒரு சாட்சி சொல்லிவிடலாம் என்று காத்து நின்றேன். அவரும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், டெய்லி சைக்கிள்லேர்ந்து வுயுந்துகினே கீறியா?"

வெள்ளிக்கிழமை வயிறு

வெள்ளிக்கிழமை உபவாசம். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வீடு சந்திப்பும் அன்றைக்கேதான். ஒருமுறை கடைசி வீட்டில், குவார்ட்டர்ஸில் மகனோடு இருந்த திருநெல்வேலிப் பெரியவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அடுப்படியில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அவர் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, உருக்கமாக ஜெபித்தேன். முடிக்கிற சமயத்தில் வாய் தன் பாட்டுக்குச் சாப்பாட்டு ஜெபத்துக்குப் போய்விட்டது. "எங்கள் முன்னால் இருக்கிற இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், ஆமென்" என்றேன்.

பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "வே உபதேசியாரே, மொதல்ல போயி சோறு தின்னும். இல்லன்னா என்னைய முழுங்கிருவீரு!"

போர்மேன்

என் மனைவி ஃபேக்டரி ஃபிட்டர் ஒருவரின் மகள். ஒருநாள் காலை ஜெபத்தின் நடுவில் கண் அசந்துவிட்டேன் என்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். காப்பி ஆறிப்போனது. டம்ளரை 'டங்'கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பாவோட போர்மேன்கூட டீ டைம்ல ஆளை விட்டுருவாரு. உங்க ஆண்டவரு என்ன, அவரவிட மோசமா?"

ஆஸ்பத்திரி பெஞ்சு

எங்கள் சபை மேரியின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். பிழைப்பாரா என்பதே சந்தேகம். நூம்பலிலிருந்து ஓடிவந்த மேரி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் மொட்டை வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். போனதும் ஒரு பாட்டம் உரக்க ஜெபித்தேன். ஆண்டவரைக் கெஞ்சினேன், பேரம் பேசினேன், கிட்டத்தட்ட மிரட்டினேன். தொண்டை கட்டிப்போனது. என்னிடம் இனி ஒன்றும் இல்லை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று மனசுக்குள் சொல்லிச் சுவரில் சாய்ந்தது வரைக்கும்தான் ஞாபகம். அப்புறம் மேரி என்னை உலுக்குகிறாள், சாயங்காலம் ஆகியிருக்கிறது. டாக்டர் வந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போயும்விட்டாராம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனுஷன் உள்ளே உயிருக்குப் போராட, ஜெபிக்க வந்தவன் வெளியே தூங்கியிருக்கிறேன். மன்னிக்கச் சொல்லி மேரியிடம் கை கூப்பினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்த உடுங்கய்யா. நீங்க கூவிகினு இருக்கசொல்லோ எனுக்கு பயமா பூட்ச்சு, ஆண்டவரு எங்கியோ தூரமா கீறாரு போலன்னு. நீங்க கொறட்ட உட்டீங்க பாருங்க, அப்பத்தான் பக்கத்துலயே கீறாருன்னு தைரியம் வந்துச்சு."

இத்தனை வருஷ ஊழியத்தில் நான் ஓர் ஆத்துமாவை உருப்படியாகத் தேற்றியது தூங்கும்போதுதான்.