அக்கா தட்டிய விளம்பரங்கள்

என் மைத்துனன் தையல் மெஷின் மெக்கானிக். வாயைத் திறந்தால் மூடமாட்டான். விதி என்று வந்துவிட்டால் மட்டும் படு கறார். நூல் ஏன் அறுகிறது, பெல்ட் ஏன் நழுவுகிறது என்று எட்டு வருடமாக ஒரு வெப்சைட்டில் எழுதி வருகிறான். அதில் வரும் விளம்பரங்களைப் படிப்பவர்கள் தட்டினால் கிடைக்கும் காசுதான் அந்தத் தளத்துக்குச் சோறு போடுகிறது. விளம்பர நிறுவனத்தின் விதிகளை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். விளம்பரத்தைத் தட்டச் சொல்லி யாரையும் கேட்கக்கூடாது என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

அவனுக்குப் போய் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரே இடத்திலிருந்து தினமும் யாரோ வேண்டுமென்றே விளம்பரங்களைத் தட்டுகிறார்கள், இவை செல்லாத கிளிக்குகள், தொடர்ந்தால் கணக்கு மூடப்படும் என்று. கணக்கு போனால் தளமும் போகும். ஆடிப்போய்விட்டான். எதிர்க்கடைக்காரர்தான் பொறாமையில் செய்கிறார் என்று முடிவுகட்டி, அவரோடு பேசுவதையே நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து புலம்பினான். என் மனைவி, அதாவது அவன் அக்கா, கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

“அது எப்படிடா? தினமும் காலையில பத்து விளம்பரத்தைத் தட்டிட்டுத்தானே நான் டீயே குடிக்கிறேன்!”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அக்கா, நீதானா அது?”

“உனக்கு வேற யாருடா செய்வா?” என்றாள் பெருமையாக.

நான் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் விட்டுவைத்ததைத் தட்டியவன் நான்தான்.

அன்றே அவன் நிறுவனத்துக்கு எதையும் ஒளிக்காமல் எழுதினான். காரணம் என்ற கட்டத்தில், ‘அக்காவின் பாசம். இனி நடக்காது.’ அக்காவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். எதிர்க்கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அசடு வழிந்தான்.

மறுநாள் காலை, தட்டவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல், என் மனைவி முதல்முறையாக விளம்பரங்களுக்கு நடுவே இருந்ததைப் படித்தாள். படித்துக்கொண்டே எழுந்தாள். தம்பி வந்து பார்க்கட்டும் என்று இரண்டு வருடமாக மூடிக் கிடந்த தன் மெஷினைத் திறந்தாள். அரை மணியில் அது டகடகவென்று ஓடியது. உடனே அவனுக்குப் போன்.

“டேய், நீ எழுதியிருக்கிற மாதிரியே பிரிச்சுத் துடைச்சு எண்ணெய் விட்டேன். ஓடுதுடா! இவ்வளவு நல்லாவா எழுதுற நீ?”

பத்து நாளில் நிறுவனத்தின் பதில் வந்தது. “கணக்கு தப்பிச்சுது மாமா” என்று போனில் ஒரே வரியில் முடித்துவிட்டு, “மெஷின் ஓடின அன்னிக்கு அக்கா என் எழுத்தைப் பத்தி என்ன சொன்னா தெரியுமா?” என்று ஆரம்பித்தான்.

நான் அதைக் கேட்பது ஐந்தாவது தடவை. தெரியாது, சொல்லு என்றேன்.